போஞ்சித் தோட்டத்தில் தொங்கிய ஜாதகம்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஒரு வீட்டுக்கு எந்தத் தொலைபேசி பொருந்தும், எந்த இன்டர்நெட் இழுக்கும், சேர்த்து வைத்ததை எதில் பிரதி எடுத்து வைப்பது என்பதையெல்லாம் பெட்டியோடு வரும் புத்தகம் உங்களுக்குச் சொல்லிவிடும். நான் அதைச் சொல்லப்போவதில்லை. பதினெட்டு வருடம் ஹட்டனில் அந்த வேலையைத்தான் செய்தேன். ஏணி தோளில், கம்பிச் சுருள் கழுத்தில் மாலையாக, மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே கிடைக்கும் பத்து நிமிட வெயிலில் கூரை கூரையாக ஏறினேன். ஐம்பது வயதில் முழங்கால் போதும் என்றது. இறங்கிவிட்டேன். ஏறிய கூரைகள் மறந்துபோயின. ஏறி நின்றுகொண்டு சொன்ன முட்டாள்தனமான வார்த்தைகள் மட்டும் இன்னும் காதுக்குள் சுற்றுகின்றன.

நோர்வூட்டில் ஒரு வீட்டில் சிக்னல் கோழிக்கூட்டுக்கு மேலேதான் விழுந்தது. வேறு வழியில்லை, தொலைபேசியை அங்கேயே வைத்துக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு அழைத்தவர்களெல்லாம் முதலில் கோழியோடு பேசிவிட்டுத்தான் மனிதரோடு பேசினார்கள். ஆனால் அது பிழையில்லை. வீட்டுக்காரர் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார், குடை ஒன்று மாட்டிக்கொண்டார், சந்தோஷமாக இருந்தார். நான் சொல்ல வந்த பிழை வேறு.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முத்தையா அண்ணன் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருப்பவர். தொழில் கல்யாணத் தரகு. பெட்டி நிறைய ஜாதகம். திறந்ததும் கடை முழுக்க மஞ்சள் வாசமும் பூஞ்சண வாசமும் கிளம்பி, எங்கள் முதலாளிக்கு இரண்டு தும்மல் வந்தது.

"தம்பி, எனக்கு ஒரு போனு வேணும். இன்டர்நெட்டும் வேணும். கொழும்புத் தரகருங்க எல்லாம் அதுலதான் மாப்ள புடிக்கிறாங்களாம். நான் மட்டும் இன்னும் பஸ்ஸுல போயி புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"கம்பி போனாண்ணே, அன்டனா போனா?"

"எதுல பொண்ணு வீட்டுக்காரன் கத்துறது கொஞ்சம் மெதுவா கேக்குமோ, அத குடுங்க."

கம்பி வரும் தூண்கள் தேயிலைத் தொழிற்சாலையோடு நின்றுவிட்டன. கைபேசிக்கு மலையுச்சி வரை ஏற வேண்டும். ஆகவே கூரையில் அன்டனா வைக்கும் தொலைபேசி. அதிலிருந்தே கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட். அந்த இன்டர்நெட்டில் ஒரு ஜாதகப் படம் போய்ச் சேருவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும், நடுவில் யாராவது அழைத்தால் சோறு குழைந்தும் விடும். அதனால் மின்னஞ்சலில் போட்டு வைக்கும் யோசனையைத் தள்ளினேன். பிளாப்பியில் பூஞ்சணம் பிடிக்கும். மிச்சம் சீடி. இவையெல்லாம் சரியான முடிவுகள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு ஒன்று சொன்னார்: "மூணு பிரதி எடு. அதுல ஒன்னு வேற வீட்டுல தூங்கணும்."

நான் மூன்று சீடி எடுத்தேன். எந்த வீட்டில் தூங்கவேண்டும் என்பதை மட்டும் கேட்காமல் விட்டேன்.

அண்ணன் பெட்டியைக் கடையில் விட்டுப்போன மூன்று நாளும் ஒவ்வொரு ஜாதகமாக ஸ்கேனரில் வைத்தேன். சூரியனும் சனியும் என் கையில் புரண்டார்கள். எத்தனையோ பேருடைய செவ்வாய்தோஷத்தை அன்று வெளிச்சம் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் ஒரு மனிதர் குடையோடு வந்து கடை வாசலில் நின்றார். கணேசலிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், நோர்வூட் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். அவருடைய ஜாதகமும் அந்தப் பெட்டியில் இருந்தது. மற்ற ஜாதகக்காரர்கள் எல்லாரும் போட்டோ கொப்பிதான் கொடுத்திருந்தார்கள். இவர் மூலத்தையே கொடுத்திருந்தார்.

"தம்பி, கவனம் என்ன? இது அம்மா வைச்சிருந்த ஒரே குறிப்பு. கொப்பியில கட்டம் விளங்கேல்ல எண்டு தரகர் ஒறிஜினலையே கேட்டவர்."

"பயப்படாதீங்க சேர்."

"பயம்தான் தம்பி. கந்தப்பளைச் சம்பந்தம் ஒண்டு பேசுறம். அம்மாவுக்கு அரை மனம். மலைநாட்டில சம்பந்தமோ எண்டு ஒரு இழுவை. இந்தக் குறிப்புக்கு ஒரு சின்னச் சேதம் வந்தாலும் சகுனம் பிழை எண்டு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவா."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "சேர், இனிமேல் இது அழியவே அழியாது." அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இப்போதும் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்கிறேன்.

டயகமவில் கம்ப்யூட்டரைப் பொருத்திய அன்று முத்தையா அண்ணனிடம் நான்கு விஷயங்களைச் சொன்னேன். இடி இடித்தால் எல்லாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். உங்களைத் தவிர யாரும் தொடக்கூடாது. மூன்று சீடியும் பத்திரம். இந்தக் கடதாசிக் குப்பை இனித் தேவையில்லை. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் மனைவி லெட்சுமி அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தேநீரை வாங்கிக்கொண்டு அவரிடம் நான் பேசியது ஒரே வாக்கியம்: "சீனி காணும், போதுங்கக்கா."

தரகர் என்பவர் வீட்டில் இருக்கிற ஆள் இல்லை. வீட்டில் இருக்கிறவர் அக்கா. நான்கு விஷயத்தில் அடுப்படிவரை போய்ச் சேர்ந்தது இரண்டு. யாரும் தொடக்கூடாது. கடதாசி தேவையில்லை. மீதி இரண்டும் பாதி வழியில், ரொட்டி தட்டும் சத்தத்தில் விழுந்துவிட்டன.

சித்திரைக்கு முன்னால் நம் மலைகளில் பிற்பகல் இடி எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். வானம் பித்தளைத் தாம்பாளம் போலப் பளபளக்கும். தேயிலைச் செடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு யாரோ மலையை இரண்டாகப் பிளப்பார்கள். அப்படி ஒரு பிற்பகலில், முத்தையா அண்ணன் அக்கரப்பத்தனையில் ஒரு மாப்பிள்ளையின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு மின்னல் நான் வைத்த அன்டனாவில் இறங்கி, நான் இழுத்த கம்பி வழியாக நடந்து, நான் பொருத்திய கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் போனேன். உள்ளே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கருகிய நாற்றம்.

"அக்கா, இடி இடிச்சப்ப ஏன் கழட்டல?"

"என்னாத்த கழட்டுறது? யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இடி இடிக்குது, இவரு ஊர்ல இல்ல. அது பாட்டுக்கு பச்ச லைட்ட போட்டுக்கிட்டு நிக்கிது. நான் கும்புட்டுட்டு தள்ளி நின்னுக்கிட்டேன்."

"சரி விடுங்க. பழைய கடதாசி எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதானே?"

"அதான் தேவையில்லன்னீங்களே தம்பி. மழைக்கு வெறகெல்லாம் ஈரம். நல்லா எரிஞ்சிச்சி. அதுலயும் அந்த யாப்பாணத்து தாளு இருக்கே, என்னா தடிப்பு! ஒரு கேத்தல் தண்ணி கொதிச்சிச்சி."

"சீடி? மூணு தட்டு, பளபளன்னு?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "அத நான் வீணாக்குவேனா? வாங்க காட்டுறேன்."

லயத்துக்குப் பின்னால் அக்காவின் போஞ்சித் தோட்டம். கொம்புகளில் பீன்ஸ் கொடி சுற்றி ஏறியிருந்தது. நடுவில் நூலில் கட்டிய இரண்டு சீடிகள் காற்றில் சுழன்று, வெயில் வந்த ஒவ்வொரு நொடியும் வானவில்லைத் தோட்டம் முழுக்க இறைத்தன. அழகாகத்தான் இருந்தது. நான்கு தோட்டத்துக் கல்யாணக் கனவுகள் நட்சத்திரமும் ராசியுமாக அங்கே தட்டாமாலை சுற்றின. கொண்டைக்குருவி ஒன்று வேலியில் உட்கார்ந்து அதைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

"ஒரு போஞ்சிய மிச்சம் வைக்காதுங்க தம்பி இந்தக் குருவிங்க. இத கட்டுனதுல இருந்து கிட்ட வரல. நல்ல சாமான்தான் விக்கிறீங்க."

நூலை அறுத்து ஒன்றை வானத்துக்கு எதிரே பிடித்தேன். பனியிலும் மழையிலும் வெள்ளிப் பூச்சு உரிந்து, அதன் வழியாக மேகம் போவது தெரிந்தது; இனி எந்தக் கம்ப்யூட்டரும் அதை வாசிக்காது. இரண்டாவதும் அப்படியே.

"மூணாவது எங்கக்கா?"

"கந்தப்பளைல பொண்ணோட அப்பாவும் இதே கொறதான் சொன்னாரு. சம்பந்தம் பேச இவருகூட போறப்ப வெறுங்கையோட போறதான்னு அவருக்கு ஒன்னு குடுத்தேன்."

முதலாளி சொன்னபடியே ஒரு பிரதி வேறு வீட்டில்தான் இருந்தது. அதுவும் யார் வீட்டில்? சேருக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டில், காய்கறித் தோட்டத்தில், காவல் வேலையில்.

முத்தையா அண்ணன் விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்து வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் பயந்தது கம்ப்யூட்டருக்கு இல்லை. மற்றவர்களிடம் மூலம் இருக்கிறது, மறுபடி கொப்பி கேட்டுக்கொள்ளலாம். சேருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. பெண்ணின் அப்பா, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெருமாள் கங்காணி, வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பெண் பார்க்க வரும்போது தன் ஜோசியரிடம் காட்ட ஜாதகத்தையும் கேட்டிருந்தார். அன்று செவ்வாய்.

"சேர்ட பொறந்த நேரத்த அம்மாட்ட கேட்டு புதுசா கணிக்கலாமேண்ணே?"

"ஏன் கேக்குறீங்கன்னு அந்தம்மா கேப்பாங்களே. அடுப்புல போச்சின்னு சொல்றதா? கல்யாணம் அங்கயே முடிஞ்சிரும். தொலைச்சிட்டேன்னு கங்காணிகிட்ட சொல்றதா? அப்பறம் இந்த மலையில எனக்கு யாரும் ஆட்டுக்குக் கூட சோடி தேட குடுக்க மாட்டான்."

நெருக்கடியில் மூளை வேலை செய்யாது, தம்பிமாரே. ஆனால் வேலை செய்வதாக நடிக்கும். அப்படி நடித்த என் மூளை ஒரு திட்டம் தீட்டியது. புதிய வெற்றுச் சீடி ஒன்றை எடுத்துக்கொண்டு போவது. அண்ணன் முன்வாசலில் கங்காணியோடு பேச்சுக் கொடுப்பார். நான் பின்பக்கம் புகுந்து பழையதை அறுத்துப் புதியதைக் கட்டிவிட்டு வருவேன். குருவிக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்விப்பட்ட சேர் தானும் வருவேன் என்று நின்றார். மேற்சட்டை, டை, பளபளக்கும் சப்பாத்து.

"சேர், நாங்க களவெடுக்கப் போறோம். டை எதுக்கு?"

"பிடிபட்டால், தம்பி, முதல் அபிப்பிராயம் எண்டு ஒண்டு இருக்குது."

அடுத்த நாள் முதலாளியின் வேனில் நுவரெலியா தாண்டிக் கந்தப்பளை போய்ச் சேர்ந்தோம். மலைச்சரிவில் படிப்படியாக லீக்ஸும் முட்டைக்கோஸான கோவாவும் போஞ்சியும். மேல்படியில் கங்காணியின் வீடு. கீழ்ப்படியில், கொம்பொன்றின் உச்சியில், எங்கள் மூன்றாவது பிரதி நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அண்ணன் முன்வாசலுக்குப் போனார். நானும் சேரும் லீக்ஸ் பாத்திக்குள் குனிந்து நகர்ந்தோம். நேற்றைய மழையில் மண் பாயாசமாக இருந்தது. மூன்றாவது அடியில் சேரின் ஒரு சப்பாத்து மண்ணுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.

"விடுங்க சேர், வரும்போது எடுக்கலாம்."

"சோடியாக வாங்கினது தம்பி."

நூலை அறுத்தேன். வானத்துக்கு எதிரே பிடித்தேன்.

"வாசிக்குமோ?" என்றார் சேர்.

"மேகம் நல்லா தெரியுது சேர்."

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு ஒரு மனிதர் லீக்ஸுக்கு நடுவே நின்று, சீடியின் ஓட்டை வழியாகத் தன் கல்யாணம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மேலிருந்து குரல் வந்தது.

"யாரு அங்க?"

தரகருக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப நான்கு லீக்ஸ் பிடுங்கலாம் என்று கத்தியோடு இறங்கி வந்திருந்தார் பெருமாள் கங்காணி. அவர் முதுகுக்குப் பின்னால் அண்ணன் இரண்டு கையாலும் எங்களுக்கு என்னவோ சைகை காட்டினார். ஓடு என்கிறாரா, படு என்கிறாரா, பறந்துவிடு என்கிறாரா என்று புரியவில்லை.

என் வாய் தானாகத் திறந்தது. "கடையிலருந்து வர்றோங்கய்யா. பழைய தட்டு மங்கிருச்சி, புதுசு மாத்திக் குடுக்கிறோம். இலவச சேவை."

கங்காணி என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த இரண்டு சீடியையும் பார்த்தார். பிறகு சேரை மேலிருந்து கீழே அளந்த பார்வை, சப்பாத்து இல்லாத காலில் வந்து நின்றது.

"ஒரு தட்ட கட்ட ரெண்டு பேரா? இவரு என்னா, டை கட்டிக்கிட்டு குருவிய வெரட்டவா வந்தாரு?"

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். எனக்கு இன்னும் இரண்டு மூன்று பொய் கைவசம் இருந்தது. நல்ல பொய்கள். கம்பனியிலிருந்து வந்த மேலதிகாரி என்று சேரைச் சொல்லலாம். ஆனால் வெள்ளிக்கிழமை அதே மனிதர் மாப்பிள்ளையாக அந்த வாசலில் வந்து நிற்க வேண்டும். நான் இன்று சொல்லும் பொய்யோடு அவர் காலம் முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டும். வாடிக்கையாளரை மாட்டிவிட்டுத் தப்பிக்கிற தொழில் இல்லை நம்முடையது. நான் சொல்லிவிட்டேன். டை கட்டியவர்தான் மாப்பிள்ளை என்பதை, மின்னலை, அடுப்பை, கேத்தலை, யாரிடம் சொல்லவேண்டியதை யாரிடம் சொன்னேன் என்பதை. பிழை லெட்சுமி அக்காவுடையது இல்லை, அண்ணனுடையதும் இல்லை, அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கிற மனுஷியிடம் ஒரு வார்த்தை பேசாத என்னுடையது என்றும் சொன்னேன்.

கங்காணி கத்தியை மண்ணில் குத்தினார். "அப்ப ஜாதகமே இல்ல?"

மூடுபனி ஒரு துண்டு வந்து எங்களுக்கு நடுவே நின்று வேடிக்கை பார்த்தது.

"இருக்குப்பா."

அடுப்படி வாசலில் ஒரு பெண். சுமதி டீச்சர், அவர் மகள். நோர்வூட்டில் அறையெடுத்துத் தங்கி அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், விடுமுறைக்கு வந்திருந்தார். உள்ளே போய் ஒரு கொப்பியோடு வந்தார். பாடக்குறிப்பு எழுதுகிற கொப்பி. கடைசிப் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் நீட்டினார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் குண்டு குண்டான எழுத்தில் கிரகங்கள். கீழே பிறந்த நேரம், நட்சத்திரம், பாதம், எல்லாம்.

"இது..."

"சேர்ட குறிப்பு."

கங்காணி கொப்பியின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது போன வருசத்து கொப்பியில்ல? தரகரு நம்ம வீட்டுக்கு வந்ததே இந்த மாசில தானே?"

சுமதி டீச்சர் கோவாப் பாத்தியைப் பார்த்தார். சேர் காணாமல் போன சப்பாத்து இருந்த இடத்தைப் பார்த்தார். முத்தையா அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார், கல்யாண வீட்டில் இலை கிடைக்காதவர் குரலில்.

"அப்ப நானு எதுக்கு? இவங்கள சேத்து வைக்க நான் ஆறு தரம் பஸ்ஸு மாறுனேனே!"

"நீங்க வந்தாத்தானே அப்பா காது குடுப்பாரு," என்றார் டீச்சர் மெதுவாக.

எனக்கு அந்த நிமிடம் ஒன்று விளங்கியது. மூன்று சீடி, ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு தகரப் பெட்டி எல்லாவற்றையும் நான் யோசித்தேன். இது தொலைந்தால் யாருக்கு நெஞ்சு வெடிக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அந்த ஆளிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தால் போதும். அதுவும் இங்கே நான் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. என்னைக் கேட்காமலே டீச்சர் எடுத்து வைத்திருந்தார்.

கங்காணி கொப்பியை மூடவில்லை. "பொருத்தம் பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தன?"

"பத்துக்கு ஆறு."

"மிச்சம் நாலு?"

"அத நாங்க பாத்துக்குறோம்ப்பா."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு சேரின் டையை, சேற்றை, காலை. மீசைக்குக் கீழே என்னவோ நடந்தது, சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"இவரோட அம்மாகிட்ட மூலத்த காட்டணுமே. அதுக்கு?"

"அத விடுங்க கங்காணி," என்று அண்ணன் உயிர் வந்து முன்னால் பாய்ந்தார். "தடிச்ச தாள்ல எழுதி, நல்ல தேயிலச் சாயத்தண்ணில ஒரு தரம் முக்கி எடுத்து, அடுப்புக்கு மேல ரெண்டு நாளு காய வச்சா முப்பது வருசத்து தாளு மாதிரி ஆயிரும்." சொன்ன வேகத்தைப் பார்த்தால் இது அவருக்கு முதல் தடவையாகத் தெரியவில்லை.

கங்காணி கத்தியை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்தார். "வெள்ளிக்கிழம எல்லாரும் வாங்க. வீட்ல அவ அம்மாவுக்கோ சொந்தக்காரங்களுக்கோ ஒன்னும் தெரிய வேணாம். நீங்க அன்னைக்கித்தான் மொத மொதல்ல வர்ற மாதிரி வாங்க. நான் இவர மொத மொதல்ல பாக்குற மாதிரி பாத்துக்குறேன். வெளங்குச்சா?"

"ஓம் மாமா," என்றார் சேர்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் ஐயான்னே கூப்புடுங்க."